நாளைக்கு மருந்து

காலை எட்டேகாலுக்குப் பந்தல்மேல் வெயில் விழும். அதோடு ராஜகுமாரியின் தேனீக்களும் வந்துவிடும்.

கதிர்வேல் அதைத் தினமும் பார்த்தார். முள்வேலிக்கு அந்தப் பக்கம் தங்கையின் காடு. இந்தப் பக்கம் அவருடைய சவ்சவ் பந்தல். தேனீக்கு வேலி கிடையாது. பந்தலுக்குள் நுழைந்து, இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும் சின்னப் பூக்களில் உட்கார்ந்து எழுந்து திரும்பிப் போகும். அவை உட்கார்ந்து எழுந்த பூவெல்லாம் காய்த்தது. மூன்று வருஷமாக அவர் பந்தல் அப்படிக் காய்த்துத் தொங்கியது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

ராஜகுமாரி இதே ஆடலூரில் பிறந்து பழனிக்கு வாக்கப்பட்டவள். புருஷன் குருநாதன் அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் வேலை பார்த்தான். பிள்ளை இல்லை. அவன் செத்த ஆறாம் மாதம் ஒரு துணிப்பையோடு அண்ணன் வீட்டில் வந்து இறங்கினாள். கதிர்வேல் முகம் சுளிக்கவில்லை. உர மூட்டை கிடந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். “இருக்கிறதச் சாப்பிட்டுக்கிட்டு இரு” என்றார். ஒரு வருஷம் அவள் இருந்ததைச் சாப்பிட்டாள். பிறகு ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே, அப்பா நிலத்தில் தனக்கும் பங்கு உண்டாமே என்று கேட்டாள்.

அன்றோடு பேச்சு நின்றது.

வழக்கு நாலு வருஷம் இழுத்தது. பங்கு உண்டு என்று தீர்ப்பானது. எந்தப் பக்கம் என்பதைக் கதிர்வேலின் வக்கீல் பார்த்துக்கொண்டார். அவளுக்கு மேற்கே கல்லாங்காடு விழுந்தது. பாறையும், பாறையிடுக்கில் கொஞ்சம் மண்ணும். காப்பி வராது. மிளகுக்கொடி ஏற மரம் கிடையாது. போக வர ஒரே பாதை, அதுவும் அவர் நிலத்தின் ஓரமாக. ஒரு வருஷத்தில் மலையிறங்கிப் போய்விடுவாள் என்று அவர் இருந்தார். அப்போது அந்த நிலத்தை வாங்க அவரைவிட்டால் ஆளில்லை.

அவள் பூ நட்டாள்.

வத்தலக்குண்டில் இரண்டு நாள் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஆரம்பித்தது அது. மண் இருந்த இடத்தில் குழி எடுத்தாள். இல்லாத இடத்துக்குச் சட்டியில் மண் சுமந்தாள். சூரியகாந்தி, காஸ்மாஸ், துளசி, திருநீற்றுப்பச்சிலை. கடுகையும் கொத்தமல்லியையும் கிள்ளாமல் பூக்க விட்டாள். தும்பையைக் களையென்று பிடுங்கவில்லை. எருக்கைக்கூட விட்டுவைத்தாள், வண்ணத்துப்பூச்சிக்கு என்றாள். மூங்கில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டாள். அதில் கருவண்டு குடியேறியது. வருஷத்தில் எந்த மாதம் வந்து பார்த்தாலும் அங்கே ஏதாவது ஒன்று பூத்திருக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். ஊர் சிரித்தது. பழனியில் மாலை கட்டி விற்கப் போகிறாளா என்றது.

பிறகு தேனீப் பெட்டிகள் வந்தன. முதலில் இரண்டு. இப்போது எட்டு. தேன் விற்றாள். ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பூக்கிற காலத்தில் பெட்டியை வாடகைக்குக் கேட்டார்கள். பெட்டி இருக்கிறவரை அவள் மலையிறங்க மாட்டாள். இது கதிர்வேலுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

பேச்சு இல்லை என்றாலும் பேசாமல் விவசாயம் நடக்காது. ஓடைத் தண்ணீர் இருவருக்கும் பொது. ஒரே மோட்டார், ஒரே தொட்டி, முறை வைத்து வால்வைத் திறக்க வேண்டும். நடுவில் ஜிம்மி இருந்தது. கதிர்வேலின் நாய்தான், ஆனால் வேலிக்கு அடியில் பள்ளம் பறித்துப் படுத்திருக்கும். தலை அந்தப் பக்கம், வால் இந்தப் பக்கம். இரண்டு பக்கமும் சோறு கிடைத்தது.

“ஜிம்மி, நாளைக்குத் தண்ணி முறை மாறுது. காலைல இல்ல, மத்தியானம்” என்பார் கதிர்வேல்.

“மத்தியானம்னா எத்தன மணின்னு கேளு ஜிம்மி” என்று பூவுக்குள்ளிருந்து குரல் வரும்.

“ரெண்டு.”

“ரெண்டுக்குக் கரண்டு இருக்காதுல்ல. அதுகூடத் தெரியாம என்னத்துக்குச் சம்சாரின்னு பேருன்னு கேளு.”

“ரொம்பப் பேசுனா தண்ணியே கெடையாதுன்னு சொல்லு.”

“ஓடை யாரு வீட்டுச் சொத்துன்னு கேளு. அதுலயும் கேசு போடட்டுமான்னு கேளு.”

ஜிம்மி வாலை ஆட்டும். பந்தலில் காய் பறிக்கிற இருளாயி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொள்வாள்.

மருந்தடிக்கிற நாளுக்கு ஊரில் ஒரு கட்டு இருந்தது. சவ்சவ் விவசாயிகள் சங்கத்தில் பேசி வைத்தது. பூச்சிமருந்து அடிக்கிறவர் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் பக்கத்துப் பெட்டிக்காரருக்குச் சொல்லிவிட வேண்டும். கதிர்வேல் தவறியதில்லை. “ஜிம்மி, நாளைக்கு அடிப்பு இருக்கு” என்பார். தேனீக்களெல்லாம் உள்ளே அடைந்த பிறகு ராஜகுமாரி பெட்டி வாசல்களில் வலையை வைத்து அடைப்பாள். மேலே ஈரச்சாக்குப் போடுவாள். மறுநாள் முழுக்கத் திறக்க மாட்டாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுவார். அவருக்குச் சர்க்கரை இருந்தது. மாதத்தில் முதல் புதன்கிழமை அய்யம்பாளையத்துக்குப் போய் ரத்தம் கொடுத்து, டாக்டரைப் பார்த்து, மாத்திரை வாங்கி வருவார். திரும்பச் சாயங்காலமாகிவிடும். ஒருமுறை அவர் முறைத் தண்ணீர் அப்படியே ஓடையில் போய்ப் பந்தல் வாடியது. அடுத்த மாதம் ராஜகுமாரி ஜிம்மியிடம், ஆஸ்பத்திரிக்குப் போற அன்னைக்கு முன்கூட்டிச் சொன்னால் வால்வைத் திறந்துவிட்டுப் போகிறேன், பயிர் என்ன பாவம் செய்தது என்றாள். அதிலிருந்து முந்தின நாள் சாயங்காலம் அவர் “ஜிம்மி, நாளைக்கு மருந்து” என்பார். அவ்வளவுதான். அடிப்பு என்றால் அது. மருந்து என்றால் இது. மூன்று வருஷத்தில் ஒருநாளும் குழம்பியதில்லை.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். கொடைக்கானலிலிருந்து ஒரு கார் வந்து பாதையில் நின்றது. இரண்டு பெண்கள் இறங்கினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவள் பந்தலுக்குள் எட்டிப்பார்த்தாள்.

“அங்கிள், பீ கார்டன் இதுதானா?”

“என்னது?”

“தேனீத் தோட்டம். ராஜகுமாரி மேடம்.”

“அங்கிட்டு” என்று கையைக் காட்டினார்.

“தேங்க்ஸ் அங்கிள். நீங்க மேடத்துக்கிட்டதான் ஒர்க் பண்றீங்களா?”

இருளாயிக்கு இருமல் வந்தது. கதிர்வேல் திரும்பிப் பார்த்ததும் நின்றது.

அவர்கள் ஒரு மணிநேரம் அங்கே இருந்தார்கள். படம் எடுத்தார்கள். ராஜகுமாரி பெட்டியைத் திறந்து காட்டிக்கொண்டு, அடை அடையாக எடுத்து வெயிலில் பிடித்து, ராணி எது, வேலைக்காரி எது என்று சொல்லிக்கொண்டிருந்தது வேலிக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்டது. அவள் குரல் பழனியில் இருந்தபோதுகூட அவ்வளவு உயர்ந்ததில்லை.

அந்த வார எடைக்குக் காய் கொண்டுபோனபோது சங்கச் செயலாளர் ஞானவேல் மூட்டைகளைப் பார்த்து விசிலடித்தான். அவன் கதிர்வேலுக்குத் தூரத்து மருமகன் முறை, ராஜகுமாரி மட்டும் ஊருக்கெல்லாம்போல அவனுக்கும் அக்கா.

“ஏ அப்பா. இந்த ஊர்ல வேற எந்தப் பந்தலும் இப்படிக் காய்க்கல மாமா.”

“பாடுபடுறோம்.”

“நீங்க எங்க பாடுபடுறீங்க, தங்கச்சி தேனீல்ல பாடுபடுது. பேசாம தெனம் வெள்ளனே எந்திரிச்சு அந்தக்கா இருக்கிற திசையப் பாத்துக் கும்பிட்டுட்டு அப்பறம் பறிங்க.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கதிர்வேலும் சிரித்தார். ஞானவேல் தொடர்ந்து, அந்தக்கா இன்னும் இருபது பெட்டி எடுக்கப்போகுதாம் என்றான். ஆரஞ்சுக்காரர்கள் மாசியில் பூ எடுக்கும்போது எல்லாப் பெட்டியும் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.



முதல் புதன்கிழமை நெருங்கியது. திங்கட்கிழமையே மனைவி சண்முகவள்ளியிடம் இந்த வாரம் டாக்டரிடம் போகவில்லை, அடுத்த வாரம் போகலாம் என்றார். மாத்திரை மிச்சம் இருந்தது. பந்தலில் வெள்ளை ஈ கொஞ்சம் தெரிந்தது. அடிக்கிற அளவுக்கு இல்லை. பூ நிறைய இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாலரை மணிக்கு வேலி ஓரம் போனார்.

“இருளாயி, அந்தக் கூடைய இங்கிட்டுக் கொண்டா.”

“இங்க என்னத்துக்குங்க, காயெல்லாம் அங்கல்ல கெடக்கு?”

“கொண்டான்னா கொண்டா.”

அவள் கொண்டுவந்து வைத்தாள். அவள் நிமிர்கிறவரை காத்திருந்தார்.

“ஜிம்மி, நாளைக்கு மருந்து” என்றார்.

ராஜகுமாரி காஸ்மாஸ் செடிகளுக்குக் குச்சி ஊன்றிக்கொண்டிருந்தாள். கையை முந்தானையில் துடைத்தாள்.

“வெறும் வயித்துல போகச் சொல்லு ஜிம்மி. போன தடவ காப்பியக் குடிச்சிட்டுப் போயி, ரத்தம் எடுக்க மாட்டோம்னு திருப்பி விட்டாங்கள்ல.”

அவள் அடுத்த குச்சியை எடுத்தாள்.

“பனி வேற பெய்யுது. காதுல துண்டக் கட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. தண்ணிக்குக் கவலப்பட வேணாம். ஒம்போது மணிக்கு வந்து வால்வத் தொறந்துவிட்டர்றேன்.”

ஒரு சொல் போதும். அடிப்பு. அந்தச் சொல் அவர் நாக்கு நுனியில் இருந்தது. ஜிம்மி அவர் முகத்தைப் பார்த்தது. பெட்டிகளுக்கு முன்னால் கடைசித் தேனீக்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

“சரின்னு சொல்லு” என்றார்.

இருளாயி கூடையை மறுபடி தூக்கி இடுப்பில் வைத்தாள். அவளுக்கு ஒன்றும் புரிந்திருக்கவில்லை. காதில் விழுந்தது. அவருக்கு அது போதும்.

வீட்டில் சண்முகவள்ளி அரிசி களைந்துகொண்டிருந்தாள். வாசலிலிருந்து அவள் காதிலும் விழுந்திருந்தது.

“நாளைக்குப் போறீங்களா? அடுத்த வாரம்னீங்க.”

“உனக்கு என்ன சோலி.”

அவள் அரிசியை உலையில் போடப் போனாள்.

காலையில் அவர் டிரம்மில் மருந்து கலக்கினார். குச்சியால் கிண்டக் கிண்டத் தண்ணீர் பாலாக மாறியது. சண்முகவள்ளி காப்பி டம்ளரோடு வெளியே வந்தாள். டிரம்மைப் பார்த்தாள். பிறகு மேற்கே பார்த்தாள். பெட்டிகள்மேல் சாக்கு இல்லை.

“அவ அடைக்கலியே.”

“சொல்லியாச்சு.”

“எப்படிச் சொன்னீங்க?”

“சொல்லியாச்சுன்னேன்ல. அவளும் சரின்னா. இருளாயி பக்கத்துலதான் நின்னா.”

சண்முகவள்ளி வேலியைப் பார்த்தாள். அவள் கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். நாத்தனாரும் அவளும் அவர் இல்லாதபோது பேசிக்கொள்கிறவர்கள். போன மாதம்கூட ஒரு பாட்டில் தேன் வேலிக்கு மேலாக வந்தது.

“உள்ள போ” என்றார்.

கொஞ்சம் நின்றாள். “ஆறிரும், குடிச்சிட்டு அடிங்க” என்று டம்ளரைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

அவர் காப்பியைக் குடித்தார். மூக்கில் துண்டைக் கட்டினார். எட்டேகாலுக்கு வெயில் பந்தலில் விழுந்தது. தேனீக்கள் வந்தன. சிறிது நேரம் விட்டார். பந்தல் முழுக்க அந்த இரைச்சல் நிறைந்த பிறகு ஸ்பிரேயரைக் கிளப்பினார்.

மேற்கு ஓரத்திலிருந்து ஆரம்பித்தார். புகை மாதிரி போய் இலைக்கு அடியில் படிந்தது. நனைந்த தேனீக்கள் சில அங்கேயே விழுந்தன. மற்றவை பறந்தன. பறந்தது வீட்டுக்குத்தான். அவருக்கு அதுவும் தெரியும். காலில் ஒட்டிய மருந்தோடு பெட்டிக்குள் போகும். உள்ளே இருப்பவற்றுக்கும் கொடுக்கும்.

ஒன்பது மணிக்கு ராஜகுமாரி தொட்டிக்கு வந்தாள். தலையில் முக்காடு. வால்வில் கை வைத்தவள் ஸ்பிரேயர் சத்தம் கேட்டுத் திரும்பினாள். பந்தலுக்குள் துண்டு கட்டிய முகத்தோடு ஓர் ஆள். முதலில் அவரை அடையாளம் தெரியவில்லை போலிருந்தது. பிறகு தெரிந்தது.

அவள் வாயைத் திறந்தாள். ஜிம்மி அங்கே இல்லை. மருந்து வாடை வந்தால் அது ஓடிவிடும். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. யாரிடம் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை என்பதை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டே அடுத்த வரிசைக்கு நகர்ந்தார்.

அவள் ஓடினாள். செருப்பு ஒன்று தொட்டியடியில் கிடந்தது.

மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு வேலி ஓரம் போய் நின்றார். பெட்டிகளுக்கு முன்னால் தரை நகர்வதுபோல இருந்தது. தேனீக்கள் நாக்கை நீட்டிக்கொண்டு, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. எழுந்து பறக்கப் பார்த்துக் கவிழ்ந்தன. உள்ளிருந்து மேலும் மேலும் வந்து அவற்றின்மேல் விழுந்தன. அதற்குள் எறும்பு வந்துவிட்டது. மருந்து காற்றில் பூக்களுக்கும் போயிருந்தது. கருவண்டு ஒன்று துளசிக்கடியில் மல்லாந்து கிடந்தது. ராஜகுமாரி முறத்தால் அள்ளினாள். அள்ளி எங்கே கொட்டுவது என்று தெரியாமல் முறத்தோடு நின்றாள். பிறகு உட்கார்ந்து, உயிர் இருப்பதையும் இல்லாததையும் விரலால் பிரிக்க ஆரம்பித்தாள். சாயங்காலம்வரை பிரித்தாள்.

ஆறு பெட்டி அன்றைக்கே முடிந்தது. மிச்சம் இரண்டில் ராணியும் கொஞ்சம் குஞ்சுகளும் இருந்தன. கூட்டைச் சூடாக வைக்கத் தேனீ இல்லை. வெள்ளிக்கிழமைப் பனியில் அதுவும் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை எடை ஷெட்டில் சங்கம் கூடியது. பெண்பிள்ளை என்று அவள் ஒருத்திதான், சாட்சிக்கு வந்த இருளாயி தவிர. பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவள் உட்காரவில்லை.

“மாமா, முந்தின நாள் சொன்னீங்களா?” என்றான் ஞானவேல்.

“சொன்னேன்.”

“இருளாயி?”

“சொன்னாருங்க. மருந்துன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“அக்கா, சொன்னாரா இல்லையா?”

“சொன்னாரு” என்றாள் ராஜகுமாரி.

“பெறகு என்னக்கா?”

“மருந்துன்னுதான் சொன்னாரு. அடிப்புன்னு சொல்லல.”

“மருந்துன்னா என்ன, அடிப்புன்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதானக்கா.”

“எங்களுக்கு ஒண்ணு இல்ல.” அவள் மூச்சு வாங்கினாள். “மருந்துன்னா சக்கர மருந்து. ஆஸ்பத்திரிக்குப் போற நாளு. முதப் புதன்கெழம. நான் அதுன்னு நெனச்சேன். வெறும் வயித்துல போகச் சொன்னேன்.”

பின்வரிசையில் யாரோ, “வெறும் வயித்துலயா மருந்தடிப்பாங்க?” என்றார்கள். முதலில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு எல்லாரும். அவர்களில் பலருக்கு அவள்மேல் ஒரு வருத்தமும் இல்லை. சிரிப்பு வந்தது, சிரித்தார்கள். ஞானவேலும் குனிந்துகொண்டு சிரித்தான்.

“நாய்கிட்டச் சொன்னா நாய்க்குத்தான புரியும்” என்றார் இன்னொருவர். “நாயி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கும்.”

ஞானவேல் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “சங்கத்துக் கட்டு சொல்லணும்ங்கிறதுதான். அவரு சொல்லியிருக்காரு. நீங்களும் கேட்டுப் பதில் சொல்லியிருக்கீங்க. அண்ணன் தங்கச்சி வாயத் தொறந்து நேராப் பேசியிருந்தா இந்தச் சோலியே இல்ல. சங்கம் என்னக்கா செய்யும்?”

அவள் கதிர்வேலைப் பார்த்தாள். அவர் நோட்டீஸ் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் போன வருஷத்து உர விலை ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஊருக்குள் போகும்போதெல்லாம், “என்னக்கா, சாப்டாச்சா, வெறும் வயிறா?” என்று யாராவது கேட்டார்கள். ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் வேறு இடத்தில் பெட்டி எடுத்துக்கொண்டார்கள். பூக்கள் பூத்துக்கொண்டுதான் இருந்தன. இந்த மாதப் பூ முடிந்து அடுத்த மாதப் பூ வந்தது. சத்தம் மட்டும் இல்லை.

பந்தலிலும் பூ நிறைய இருந்தது. காலையில் தரையில் கிடந்தது.

“பூ நிக்கலிங்க” என்றாள் இருளாயி.

“நிக்கும்.”

“கையால தொட்டாலே உதிருதுங்க.”

“நிக்கும்னேன்ல. வேலையப் பாரு.”

மாசி பாதியில் கதிர்வேல் வேலி ஓரம் போனார். அவள் காலிப் பெட்டிகளைக் கழுவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். அடைச் சட்டங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தாள்.

“ஜிம்மி, நெலத்த வேற எவனுக்கும் குடுத்தா பாதை விட மாட்டேன். நானே எடுத்துக்கறேன்னு சொல்லு. நாயமான வெலைதான்னு சொல்லு.”

அவள் கடைசிப் பெட்டியையும் கவிழ்த்துவிட்டு எழுந்தாள். செடிகளைச் சுற்றிக்கொண்டு போகாமல், காஸ்மாஸை மிதித்துக்கொண்டு நேராக வேலிக்கு வந்தாள். கையெட்டும் தூரத்தில் நின்றாள். தலைமுடி காதோரம் நரைத்திருந்தது. அவ்வளவு நரைத்திருப்பதை அவர் பார்த்ததில்லை.

“திங்கக்கெழம பத்திர ஆபீசுக்கு வர்றேண்ணே. கையெழுத்துப் போட்டுர்றேன்.”

எட்டு வருஷத்துக்குப் பிறகு அவள் நேராகச் சொன்ன சொல் அது. அவர் ஜிம்மியைப் பார்த்தார். அது தூங்கிக்கொண்டிருந்தது. அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கேற்ற முகம்தான் அகப்படவில்லை.

“நெலம் கெடக்கு, விடு. ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன்” என்றாள் அவள். “அன்னைக்கு வெறும் வயித்துல போகச் சொன்னேன்ல. அப்பவே மனசுக்குள்ள சிரிச்சியாண்ணே?”